எஸ்ஏபிசியா, தனியார் சேனலா: எது நம்மை அரசியலுக்குள் கொண்டுவருகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி அரசாங்கத்தின் ஊதுகுழல், இந்த நாட்டில் ஜனநாயகம் மிஞ்சியிருப்பதே தனியார் சேனல்களால்தான் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் உங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஆயா விடிந்ததிலிருந்து எஸ்ஏபிசியின் லோட்டஸ் எஃப்எம்மைத் தவிர வேறெதையும் வைப்பதில்லை, அவரோ எல்லா இனத்தவருக்கும் ஓட்டுரிமை வந்த 1994க்குப் பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. தனியார் செய்தியை நாள் முழுக்கப் பார்க்கிற சக ஊழியர்களில் பாதிப் பேர் 2024ல் ஓட்டுச்சாவடிப் பக்கமே போகவில்லை. இதில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை உங்கள் கேள்வி எஸ்ஏபிசி நல்லதா கெட்டதா என்பது இல்லை. ஒரு நிலையம் யாருக்குச் சொந்தம் என்பதை வைத்து, அதைக் கேட்கிறவர் அரசியலில் இறங்குவாரா ஒதுங்குவாரா என்று சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர் யார் என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பது என் பதில். செய்தி எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறது, யாருடைய மொழியில் வருகிறது, அதைப் பாதியில் நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து 26 வருடம் ஆகிறது, அதில் 19 வருடம் ஒரு சமூக வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தேன். சனிக்கிழமை தமிழ் நிகழ்ச்சியும் வாரநாள் மாலையில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சியும் என் பொறுப்பு. நான்கு தேர்தல்களில், எந்தக் கட்சிக்கு வானொலியிலும் டிவியிலும் எத்தனை நிமிடம் கிடைத்தது என்று எண்ணும் கண்காணிப்பு வேலையில் உட்கார்ந்திருக்கிறேன். புள்ளியியல் என் துறை இல்லை. ஆய்வுகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத்தான் ஊடகவியல் படித்தேன். அதனால் ஆய்வில் நிறுவப்பட்டதை ஆய்வு என்றும், நான் கண்ணால் பார்த்ததைப் பார்த்தது என்றும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நாம் தூர்தர்ஷன் என்றால் அரசு, மற்றதெல்லாம் தனியார், அந்தத் தனியாரிலும் பாதி ஏதாவது ஒரு கட்சி வீட்டுச் சேனல் என்று பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே சட்டம் மூன்று வகையைச் சொல்கிறது: பொது ஒலிபரப்பு, வணிக ஒலிபரப்பு, சமூக ஒலிபரப்பு. மூன்றுக்கும் உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிற அமைப்பு சுயேச்சையாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 192ஆம் பிரிவே சொல்கிறது. 2000லிருந்து அந்த வேலையைச் செய்வது இக்காசா. எஸ்ஏபிசி சட்டப்படி பொதுமக்களுக்கானது, ஆளுங்கட்சிக்கானது இல்லை. ஆனால் அதன் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வருடத்துக்கு 265 ரேண்ட் உரிமக் கட்டணத்தைப் பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டுவதே இல்லை. வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம்தான், பற்றாக்குறை வந்தால் அரசாங்கத்திடம் கையேந்த வேண்டும், 2019லும் 2020லும் சேர்ந்து 320 கோடி ரேண்ட் அப்படித்தான் வந்தது. பெயர் பொது, பிழைப்பு வணிகம், ஆபத்துக்கு அரசு. பொது ஒலிபரப்பு என்றாலே பிரிட்டனையும் ஸ்காண்டிநேவியாவையும் வைத்து எழுதப்பட்டதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

உங்கள் ஆயாவின் வானொலிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது. ரேடியோ லோட்டஸ் 1983 ஜனவரியில் டர்பனில் தொடங்கியது. நிறவெறி அரசு மூன்று அவை நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்த அதே வருடம் அது. வெள்ளையர்களுக்கு ஓர் அவை, கலர்ட், அதாவது கலப்பினத்தவர் என்று அவர்கள் வகைப்படுத்தியவர்களுக்கு ஓர் அவை, இந்தியர்களுக்கு ஓர் அவை, பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த நவம்பரில் வெள்ளையர்கள் மட்டும் ஓட்டுப்போட்டு அதை ஏற்றார்கள். இந்தியர்களைத் தன் பக்கம் இழுக்கத்தான் வானொலியையும் கொடுத்தார்கள் என்று இங்கே பழைய ஆட்கள் உறுதியாகச் சொல்வார்கள். காலம் பொருந்துகிறது என்பது உண்மை, நோக்கம் அதுதான் என்பதை நான் ஊகமாகத்தான் வைப்பேன். ஊகம் இல்லாத விஷயம் என்னவென்றால், 1984 ஆகஸ்ட் 28ஆம் தேதி இந்திய அவைக்குத் தேர்தல் நடந்தபோது பதிவு செய்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப்போட்டார். தமிழ்ப் பாட்டும் இந்திப் பாட்டும் முதல்முறையாக நாள் முழுக்க வீட்டுக்குள் கேட்கிறது, அரசின் கையில் எஸ்ஏபிசியின் மொத்த வானொலியும் டிவியும் இருக்கிறது, அப்படியும் ஐந்தில் நான்கு பேர் வீட்டை விட்டு வரவில்லை.

ஏன் வரவில்லை? நேட்டால் இந்திய காங்கிரஸும் 1983ல் உருவான ஐக்கிய ஜனநாயக முன்னணியும் வீடு வீடாகப் போய்ப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கோயில் மண்டபங்களில் கூட்டம் போட்டார்கள், பள்ளிக்கூட வாசலில் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். தடை செய்யப்பட்ட விடுதலை இயக்கமான ஏஎன்சி வெளிநாட்டிலிருந்து நடத்திய ரேடியோ ஃப்ரீடம், துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குமே அது, அதைக் கேட்டாலே சிறை என்றிருந்த காலத்திலும் ராத்திரியில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டவர்கள் உண்டு. ஆக 1984ல் ஓட்டுப்போடாமல் வீட்டில் இருந்ததுதான் அந்த வருடத்தின் மிகப் பெரிய அரசியல் ஈடுபாடு. ஓட்டுச் சதவீதத்தை மட்டும் வைத்து அளந்தால் அந்த நாளை நாம் அக்கறையற்ற நாள் என்று எழுதிவிடுவோம். அதனால் "மக்கள் அரசியலில் ஈடுபடுகிறார்களா" என்ற கேள்வியோடு "ஓட்டுப்போடுகிறார்களா" என்ற கேள்வியை ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். இரண்டும் பல நேரம் சேர்ந்தே போகும், சில நேரம் நேர் எதிராகப் போகும்.

அந்தக் காலத்துத் தனியார் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் அலுவலகத்தில் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இந்த நாட்டில் டிவியே 1976ல்தான் வந்தது. பத்து வருடம் கழித்து 1986ல் எம்-நெட் என்ற முதல் தனியார் கட்டணச் சேனலுக்கு அனுமதி கொடுத்தபோது, செய்தி ஒளிபரப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். சினிமா காட்டு, விளையாட்டு காட்டு, செய்தி எங்களுடையது. தனியார் என்றாலே சுதந்திரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஒருபுறம் அப்படி என்றால், பெயரளவில் சுதந்திர நாடுகள் என்று நிறவெறி அரசு அறிவித்த பகுதிகளில் கோபுரம் நட்டு நடந்த கேபிடல் ரேடியோ, ரேடியோ 702 போன்ற தனியார் நிலையங்கள் எஸ்ஏபிசி சொல்லாத செய்தியைச் சொன்னதும் உண்மை. 702 பின்னாளில் பாட்டைக் குறைத்துவிட்டு நேயர்களோடு பேசுகிற நிலையமாக மாறியது; கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அலைவரிசையில் வாக்குவாதம் செய்வதை அந்தக் காலத்து ஜோகன்னஸ்பர்க்கில் வேறெங்கே கேட்டிருக்க முடியும்?

1994க்குப் பிறகு எல்லாம் மாறியது. எஸ்ஏபிசி தன் பிராந்திய நிலையங்கள் ஆறை 1996ல் தனியாருக்கு விற்றது, நம் ஊர் ஈஸ்ட் கோஸ்ட் ரேடியோ அதில் ஒன்று. 1998 அக்டோபரில் ஈடிவி வந்தது, 2008ல் அதன் 24 மணி நேரச் செய்திச் சேனல் வந்தது. அதே காலத்தில் எஸ்ஏபிசி செய்த ஒரு காரியத்தை நான் எப்போதும் சொல்வேன். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகளை 1996லிருந்து வானொலியில் பல மொழிகளில் கொண்டுவந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் அதற்கென்று தனி நிகழ்ச்சி வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் சோசா மொழியில் பேசுவதை, அதே மொழி பேசும் கிராமத்துத் தாய் தன் வீட்டில் உட்கார்ந்து கேட்டார். விளம்பரத்தை மட்டும் நம்பியிருக்கும் நிலையம் எதுவும் பதினொரு மொழியில் அதைச் செய்திருக்காது. லாபக் கணக்கு அதற்கு இடம் கொடுக்காது.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். நான் முதலில் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் ஆயா இருந்தார், உங்கள் ஆயா மாதிரியே. ஜன்னல் திண்டில் ஒரு சின்ன ரேடியோ, எண்ணெய்ப் பிசுக்கு படாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டியிருப்பார். காலையில் முருகன் பாட்டு ஓடும், பருப்பை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் செய்தி வரும். கை நிற்காது, ஆனால் மின்கட்டணம் என்ற சொல்லோ பென்ஷன் என்ற சொல்லோ வந்தால் முறம் அப்படியே மடியில் இறங்கிவிடும், செய்தி முடிகிறவரை கை அசையாது. அவர் செய்திக்காக ரேடியோ வைக்கவில்லை. பாட்டுக்காக வைத்தார், செய்தி கூடவே வந்தது. எனக்குத் தெரிந்தவரை பொது ஒலிபரப்பின் மொத்த அரசியல் பலமும் இந்தத் தற்செயலில்தான் இருக்கிறது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. மார்க்கஸ் பிரையர் என்ற அரசியல் அறிஞர் அமெரிக்காவைப் பற்றி இதையே காட்டியிருக்கிறார். மூன்றே சேனல்கள் இருந்த காலத்தில் சாயந்திரம் எதைத் திருப்பினாலும் செய்திதான், அரசியலில் நாட்டம் இல்லாதவரும் கொஞ்சம் தெரிந்துகொண்டார். கேபிள் வந்து நூறு சேனல் ஆனதும் நாட்டம் உள்ளவர் நாள் முழுக்கச் செய்தி பார்த்தார், நாட்டம் இல்லாதவர் சினிமாவுக்குப் போய்விட்டார், இருவருக்கும் இடையே அறிவிலும் ஓட்டுப்போடுவதிலும் இடைவெளி கூடியது. 2009ல் ஜேம்ஸ் கரனும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்கா, பிரிட்டன், டென்மார்க், பின்லாந்து நான்கையும் ஒப்பிட்டபோது, பொது ஒலிபரப்பு வலுவாக இருந்த நாடுகளில் மக்களுக்குப் பொதுவிவகாரம் கூடுதலாகத் தெரிந்திருந்தது, படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையே வித்தியாசமும் குறைவாக இருந்தது. இத்தாலியில் பெர்லுஸ்கோனியின் பொழுதுபோக்குச் சேனல்கள் முதலில் எட்டிய ஊர்களில் பின்னாளில் அவர் கட்சிக்கு ஓட்டு கூடியது, அதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் பொதுக்காரியங்களில் ஈடுபாடு குறைவாக இருந்தது என்று 2019ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் ரஷ்யாவை வைத்து நடந்த ஆய்வு இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1999 தேர்தலில் என்டிவி என்ற ஒரே சுயேச்சையான தனியார் சேனல் எட்டிய இடங்களில் அரசு ஆதரவுக் கட்சிக்குச் சுமார் 9 சதவீதப் புள்ளி ஓட்டு குறைந்தது. அரசு டிவி எல்லாம் ஒரே குரலில் பாடுகிற நாட்டில் ஒரு தனியார் சேனல் அவ்வளவு கனமானது. ஆக பொது, தனியார் இரண்டில் எது நல்லது என்று நாட்டைப் பார்க்காமல் யாராவது தீர்ப்புச் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தத் தற்செயல் அறுந்துபோவதையும் இங்கே பார்த்தோம். 2016 மே மாதம் எஸ்ஏபிசி தன் எல்லா வானொலிகளிலும் 90 சதவீதம் உள்நாட்டு இசைதான் போட வேண்டும் என்று திடீரென உத்தரவிட்டது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு வேலை வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் லோட்டஸ் எஃப்எம்முக்கு அது மரண அடி. அது போட்டதெல்லாம் சென்னையிலும் மும்பையிலும் பதிவான பாட்டு, அத்தனை மணி நேரத்தை நிரப்பும் அளவுக்கு உள்ளூர்த் தமிழ்ப் பாட்டும் இந்திப் பாட்டும் இங்கே எங்கே இருந்தது? கேட்டவர்கள் பெருமளவில் விலகினார்கள், ஊரில் ஆர்ப்பாட்டமே நடந்தது. பக்கத்து வீட்டு ஆயாவின் பேரன் பென் டிரைவில் பாட்டு போட்டு ஒரு சின்ன ஸ்பீக்கரில் செருகிக் கொடுத்தான். ரேடியோ உறையோடு அலமாரிக்கு மேலே போய்விட்டது. பாட்டு கிடைத்துவிட்டது, மணிக்கொரு தரம் வந்த செய்தி போய்விட்டது. அந்த ஆகஸ்டில் உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வார்டில் யார் நிற்கிறார்கள் என்று அவர் என்னிடம் வந்து கேட்டார். அதற்கு முன்பு அவர்தான் எனக்குச் சொல்வார்.

அதே மே மாதம் அதே நிர்வாகம் இன்னொரு முடிவும் எடுத்தது: போராட்டங்களில் பொதுச்சொத்து எரிகிற காட்சியைக் காட்டக் கூடாது. கேள்வி கேட்ட பத்திரிகையாளர்கள் எட்டுப் பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். க்ரிவானி பிள்ளை அதில் ஒருவர், லுகான்யோ கலாட்டா ஒருவர், 1985ல் நிறவெறி அரசின் காவல்துறை கொன்ற ஃபோர்ட் கலாட்டாவின் மகன். ஜூலை மாதம் அந்தத் தடை செல்லாது, திரும்பப் பெறு என்று இக்காசா உத்தரவிட்டது, நீக்கப்பட்டவர்களில் சிலர் தொழிலாளர் நீதிமன்றம் போய் வென்றார்கள், பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். எட்டுப் பேரில் சூனா வென்டர் மிரட்டல்களையும் தாக்குதல்களையும் தாங்கி ஒரு வருடத்துக்குள் இறந்துபோனார். உங்கள் சக ஊழியர்கள் ஊதுகுழல் என்று சொல்வதற்கு இதுதான் காரணம், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்: ஊதுகுழலாக்கப் பார்த்தார்கள், உள்ளே இருந்தவர்களே எதிர்த்தார்கள், சட்டமும் அவர்கள் பக்கம் நின்றது. சட்டம் வெளியே சுயேச்சையாக இருந்தால் பொது ஒலிபரப்பு தவறு செய்தும் திரும்ப எழ முடியும்.

தனியாரிலும் இதே நோய் உண்டு. குப்தா குடும்பம் 2013ல் ஏஎன்என்7 என்ற செய்திச் சேனலைத் தொடங்கியது, அப்போதைய அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமான குடும்பம். அவர்களுடைய பத்திரிகை நடத்திய காலை உணவுக் கூட்டங்களை எஸ்ஏபிசி தன் காலை நிகழ்ச்சியில் நேரலையாகக் காட்டியது, அமைச்சர்கள் வந்து பேசினார்கள், அரசு நிறுவனங்கள் பணம் கட்டின. பொது நிலையமும் தனியார் முதலாளியும் கைகோத்துக்கொண்ட இடம் அது. அங்கே போய் எது பொது, எது தனியார் என்று கேட்பதில் என்ன அர்த்தம்? 2018ல் டிஎஸ்டிவி என்ற கட்டண டிவி சேவையை நடத்தும் மல்டிசாய்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டதும் அந்தச் சேனல் நின்றது.

அடுத்தது நான் எண்ணிப் பார்த்தது. தேர்தல் நேரத்தில் ஒரு தாள் கொடுப்பார்கள்: நேரம், கட்சி, பேசியவர், எத்தனை விநாடி, எதைப் பற்றி. காதில் ஹெட்போன், கையில் ஸ்டாப்வாட்ச், ஆறு மணிச் செய்தி தொடங்கினால் அரை மணி நேரம் நிமிர முடியாது. எஸ்ஏபிசியில் கட்சிகளுக்கான நிமிடக் கணக்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் மோசமில்லை. சிக்கல் வேறு பத்தியில் இருந்தது. அமைச்சர் ஒரு பாலத்தைத் திறக்கிறார், அது கட்சிக் கணக்கில் வராது, அரசுச் செய்தி. மறுநாள் அதே ஆள் கட்சிக் கூட்டத்தில் பேசுவார், அது கட்சிக் கணக்கு. ஆளுங்கட்சிக்கு இரண்டு வாசல். தனியார் சேனலில் இந்தக் கோளாறு குறைவு, ஆனால் பெரிய மூன்று கட்சிகளைத் தவிர மற்றவர்கள் காற்றில் கரைந்துபோவார்கள், அந்த மூன்றிலும் யார் யாரைத் திட்டினார் என்பதற்குத்தான் விநாடிகள் போகும். ஆங்கிலச் செய்தியில் கட்சிச் சண்டை கூடுதல், ஜூலு மொழிச் செய்தியில் தண்ணீர், கழிவறை, பள்ளிக்கூடம் கூடுதல் என்பதும் எனக்குப் பட்டது. இது நான்கு தேர்தல்களில் நான் உட்கார்ந்த மேசையின் கணக்கு, நாடு முழுவதற்குமான ஆய்வு இல்லை.

சட்டம் இங்கே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கட்சிகள் இலவசமாகத் தங்கள் பிரசாரத்தை ஒலிபரப்ப எஸ்ஏபிசி இடம் கொடுத்தே ஆக வேண்டும். தனியார் விரும்பினால் கொடுக்கலாம். காசு வாங்கிப் போடும் அரசியல் விளம்பரம் தேர்தல் காலத்தில் மட்டும்தான், வாக்குப்பதிவுக்கு 48 மணி நேரத்துக்கு முன் எல்லாம் நின்றுவிட வேண்டும். பணமில்லாத சின்னக் கட்சியின் குரல் கிராமத்துக்குப் போகிறது என்றால் அந்த இலவச இடத்தால்தான். அதிலும் தகராறு வரும்: 2024ல் அப்போதைய முக்கிய எதிர்க்கட்சியான டிஏ, நாட்டின் கொடி எரிவதாகக் காட்டிய விளம்பரத்தை எஸ்ஏபிசி ஒளிபரப்ப மறுத்தது. அந்த விளம்பரம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் மறுத்தது தவறு என்றே நினைக்கிறேன். ஒரு கட்சி என்ன சொல்கிறது என்று பார்த்து முகம் சுளிக்கும் உரிமை பார்க்கிறவருடையது.

உங்கள் சக ஊழியர்கள் விஷயத்துக்கு வருகிறேன். தனியார் 24 மணி நேரச் செய்தி இங்கே பெரும்பாலும் டிஎஸ்டிவி சந்தா கட்டுகிறவர்களுக்குத்தான், 403ல் இஎன்சிஏ, 405ல் நியூஸ்ரூம் ஆப்ரிகா. மாதச் சந்தா கட்ட முடியாத வீட்டில் அது இல்லை. அந்த வீட்டில் உகோசி எஃப்எம் இருக்கிறது, எஸ்ஏபிசியின் ஜூலு வானொலி, 70 லட்சத்துக்கும் மேல் கேட்பவர்கள், நாட்டிலேயே பெரிய நிலையம். நாள் முழுக்கச் செய்தி பார்ப்பவர் விவரம் தெரிந்தவர், சந்தேகமே இல்லை. ஆனால் ஊழல், விசாரணை, மறுபடி ஊழல் என்று ஒரே ஓட்டமாகப் பார்த்துப் பார்த்து, எதுவும் மாறாது என்ற முடிவுக்கு வந்துவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செய்தி அவர்களை அப்படி ஆக்கியதா, ஏற்கெனவே அலுத்தவர்கள் அப்படிப்பட்ட செய்தியைத் தேடிப்போனார்களா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். தேர்தல்களில் பதிவு செய்தவர்களில் ஓட்டுப்போட்டவர்கள் 1999ல் 89 சதவீதம், 2014ல் 73, 2019ல் 66, 2024ல் 58க்குச் சற்று மேல். இதே காலத்தில்தான் சேனல்கள் பெருகின என்று ஒருவர் கோடு போட்டுக் காட்டலாம். அந்தக் கோட்டை நான் நம்ப மாட்டேன். மூன்றில் ஒருவருக்கு வேலையில்லை, மின்வெட்டு, தண்ணீர் இல்லை, ஊழல், இவ்வளவும் அதே காலத்தில்தான் வந்தன.

நீங்கள் கேட்காமல் விட்ட மூன்றாவது வகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது என் வாழ்க்கை என்பதால் மட்டும் இல்லை. நாட்டில் 200க்கும் மேற்பட்ட சமூக வானொலிகள் இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனதே, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்தச் சமயம் எங்கள் மாலை நிகழ்ச்சிக்கு ஒரு வார்டு கவுன்சிலரை அழைத்தோம், வருகிறேன் என்றார், வரவில்லை. மைக்குக்கு முன்னால் காலி நாற்காலியை வைத்துவிட்டு, அறிவிப்பாளர் அதை அப்படியே காற்றில் சொன்னார். முதலில் பேசியவர் ஓர் அம்மா, "அண்ணா, நான் பக்கெட்டோடு லாரிக்கு நின்னு நின்னு முட்டி வீங்கிப்போச்சு, அவங்களை அந்த வரிசையில வந்து நிக்கச் சொல்லுங்க" என்றார். அடுத்து ஜூலுவில் ஒருவர், அதே தெருவில் வேலை செய்பவர், அதையே சொன்னார். ஒன்றரை மணி நேரம் லைன் ஓயவில்லை. மறுநாள் கவுன்சிலர் தானாகவே கூப்பிட்டார். லாரி வரும் நேரத்தை அன்றிலிருந்து தினமும் காலையில் வானொலியில் சொன்னோம். அரசியல் ஈடுபாடு என்றால் என் மனதில் வருவது அந்த மாலைதான், நாடு தழுவிய சேனல் எதற்கும் அந்தத் தெருவின் பெயர் தெரியாது. ஆனால் இந்த நிலையங்கள் காற்றில் வைத்த விளக்கு. 2021 ஜூலைக் கலவரத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் சமூக வானொலியான அலெக்ஸ் எஃப்எம்மின் கருவிகளை ஒன்றுவிடாமல் கொள்ளையடித்துக்கொண்டு போனார்கள். அதே நாட்களில் இங்கே டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் வாட்ஸப் வதந்தி வீட்டுக்கு வீடு பறந்தது, 36 பேர் கொல்லப்பட்டார்கள். வதந்தியை நம்பாதே என்று நம் குரலில், நமக்குத் தெரிந்த ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வாரம் எனக்குப் புரிந்தது.

அதனால் உங்கள் அலுவலகத்துக்கு நான் சொல்வது: தனியார் சேனல் இல்லாவிட்டால் பல ஊழல்கள் வெளியே வந்திருக்காது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வெளியே வந்த விஷயம் சந்தா கட்டாத வீட்டுக்கும் போய்ச் சேர எஸ்ஏபிசி வேண்டும், தெருவுக்குள் இறங்கச் சமூக வானொலி வேண்டும். இப்போது எனக்கு இருக்கிற பெரிய கவலை பழைய அனலாக் டிவி அலைவரிசையை நிறுத்தும் திட்டம். 2025 மார்ச் 31ல் நிறுத்துவதாக இருந்ததை நீதிமன்றம் தடுத்தது. செட்டாப் பாக்ஸ் போய்ச் சேராத வீடுகளில் திரை இருண்டுவிட்டால், அங்கே பொதுவா தனியாரா என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் ஆயா ஓட்டுப்போடுவது லோட்டஸால்தானா என்றால், லோட்டஸ் உதவியிருக்கும், அவ்வளவுதான். 1994 ஏப்ரல் 27ஆம் தேதி முதல்முறையாக எல்லோரோடும் சேர்ந்து வரிசையில் நின்றவர்களை வானொலி வந்து எழுப்ப வேண்டியதில்லை. நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. 1994க்குப் பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை என்றாரே, 1984 ஆகஸ்டில் என்ன செய்தார், யார் வந்து கதவைத் தட்டினார்கள், ரேடியோவில் அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று ஒருநாள் சாயந்திரம் தேநீர் குடிக்கும்போது கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே இங்கே எழுதினால் நான் மறுபடி வந்து படிக்கிறேன்.